பல்கலைக்கழகத்தில் புவியியல்: கற்கைநெறியும் தொழில்வாய்ப்பும்



க.பொ.த. (உயர்தர)ப் பரீட்சைக்குப் புவியியலை ஒரு பாடமாகத் தெரிவு செய்துள்ள உங்களிடம் வீட்டிலும் அயலிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி ஒன்றுண்டு. "புவியியல் படித்து என்ன வேலை எடுக்கப் போகிறாய்? ஆசிரியர் வேலையை விட வேறென்ன இருக்கிறது?" என்பதே அது. இக்கேள்வியைக் கேட்பவர்களைக் குறை கூற முடியாது. பட்டம் பெற்றபின் ஆண்டுக்கணக்காக நியமனத்துக்குக் காத்திருந்த கலைப் பட்டதாரிகள் பலரை எமது பிரதேசங்கள் கண்டுள்ளன. 2017 ஆம் ஆண்டில் வடக்கிலும் கிழக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் வீதியோரக் கொட்டகைகளில் மாதக்கணக்காகத் தொடர் போராட்டம் நடத்தியதைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். எனவே இக்கேள்விக்குத் தெளிவான விடை உங்களிடம் இருக்க வேண்டும். அந்த விடையைத் தேடிக்கொள்ள உதவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். பாடப்பரப்புடன் தொடர்புடைய பகுதிகளும் இதில் உள்ளமையால் பரீட்சைக்கும் இது பயன்படும்.

1. புவியியல் எதனைக் கற்கின்றது?

புவியியல் என்றால் நாடுகளின் தலைநகரங்களையும் ஆறுகளின் நீளங்களையும் மனனம் செய்வது என்று பலர் எண்ணுகின்றனர். மகாவலி கங்கையின் நீளம் 335 கிலோமீற்றர் என்பது ஒரு தகவல். அந்த ஆறு மத்திய மலைநாட்டின் ஈரவலயத்தில் தோன்றி உலர்வலயத்தினூடாகப் பாய்ந்து திருகோணமலைக்கு அருகே கடலை அடைவதனால், ஈரவலய மழைநீரை உலர்வலய வயல்களுக்குக் கொண்டு செல்ல முடிகின்றது என்பதே புவியியல். அதாவது, ஒரு விடயம் எங்கே காணப்படுகின்றது, ஏன் அங்கே காணப்படுகின்றது, அதனால் அங்கு வாழும் மக்களுக்கு விளைவது யாது என்ற மூன்று வினாக்களையும் ஒன்றாக இணைத்து நோக்குவதே இப்பாடத்தின் தனித்தன்மையாகும்.

பௌதிகப் புவியியல், மானிடப் புவியியல் என இது இரண்டாகப் பிரிக்கப்படும். நிலவுருவங்கள், காலநிலை, மண், நீர், இயற்கைத் தாவரம் ஆகியன முன்னையதில் அடங்கும். குடித்தொகை, குடியிருப்பு, விவசாயம், கைத்தொழில், நகராக்கம், போக்குவரத்து என்பன பின்னையதில் அடங்கும். இவ்விரண்டையும் ஒரே தளத்தில் கொண்டுவந்து காட்டும் கருவி வரைபடமாகும். ஆகவே வரைபடத்தை வாசிக்கத் தெரியாதவர் புவியியலாளர் ஆக முடியாது.

2. வரைபடம் பேசும் மொழி: மீரியாபெத்தை

பரீட்சையில் வரும் இடவிளக்கப்பட வினாவைச் சில மாணவர்கள் வெறும் புள்ளிகளுக்கான பயிற்சியாகவே கருதுகின்றனர். அது எத்தகைய பயிற்சி என்பதை ஓர் உதாரணத்தின் மூலம் நோக்குவோம்.

நில அளவைத் திணைக்களம் 1:50,000 அளவுத்திட்டத்தில் இலங்கை முழுவதையும் 92 தாள்களில் வெளியிட்டுள்ளது. இவ்வளவுத்திட்டத்தில் படத்தில் 1 சென்ரிமீற்றர் என்பது நிலத்தில் 500 மீற்றராகும். மலைநாட்டுப் படம் ஒன்றில், ஒரு லயன் குடியிருப்புக்கும் அதற்கு மேலேயுள்ள மலை விளிம்புக்கும் இடையிலான தூரம் 0.8 சென்ரிமீற்றர் என வைத்துக்கொள்வோம். நிலத்தில் அது 400 மீற்றர். இவ்விரு இடங்களுக்கும் இடையில் சமவுயரக் கோடுகளின்படி உயர வேறுபாடு 200 மீற்றராயின், சாய்வுவிகிதம் 200/400, அதாவது 1:2 ஆகும். பாகையில் கூறுவதாயின் ஏறத்தாழ 27 பாகை. அதே சாய்வில் நெருங்கி வரும் சமவுயரக் கோடுகள் ஓரிடத்தில் மேல்நோக்கி வளைந்து ஒரு பள்ளத்தைக் காட்டுமாயின், மலைமேற் பெய்யும் மழைநீர் அவ்வழியே குவிந்து வரும் என்பதை ஊகிக்கலாம். அப்பள்ளத்தின் அடியில் வீடுகளைக் குறிக்கும் அடையாளங்கள் இருப்பின், அது வெறும் சாய்வுக் கணக்கு அன்று. அங்கு உறங்கும் மக்களின் உயிர் பற்றிய கணக்கு.

2014 ஆம் ஆண்டு ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் பதுளை மாவட்டத்தின் கொஸ்லாந்தைப் பகுதியிலுள்ள மீரியாபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு ஏற்பட்டு லயன் குடியிருப்புகள் புதையுண்டன. பிள்ளைகள் பாடசாலைக்குப் புறப்படும் வேளை அது. அவ்விடம் ஆபத்தானது என 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் செய்திகள் வெளிவந்தன. அறிவு இருந்தது, ஆனால் அந்த அறிவு மக்கள் இடம்பெயர்வதற்கான ஒழுங்காக மாறவில்லை. மாற்றுக் காணி, மாற்று வீடு, வேலைத்தலத்துக்கான தூரம், விளங்கும் மொழியில் அறிவித்தல் என்பன எல்லாம் சேர்ந்தாலன்றி ஒரு குடும்பம் தன் வீட்டை விட்டு வெளியேறாது. பௌதிகப் புவியியலும் மானிடப் புவியியலும் ஏன் ஒன்றாகக் கற்பிக்கப்படுகின்றன என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

மண்சரிவு எச்சரிக்கையின் படிநிலைகளை நீங்கள் அறிந்திருத்தல் நன்று. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பின்பற்றும் பொதுவான அளவுகள் பின்வருமாறு:

• 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை – விழிப்புடன் இருத்தல் (மஞ்சள்)
• 24 மணித்தியாலத்தில் 100 மில்லிமீற்றருக்கு மேல் மழை – வெளியேறத் தயாராகுதல் (செம்மஞ்சள்)
• 24 மணித்தியாலத்தில் 150 மில்லிமீற்றருக்கு மேல், அல்லது ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை – உடன் வெளியேறுதல் (சிவப்பு)

2025 நவெம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின்போது மலைநாட்டு மண்சரிவுகளாலும் தாழ்நில வெள்ளத்தாலும் 600க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனவே இது பாடநூலுக்குள் அடங்கிப்போன பழைய விடயம் அன்று.

3. வரைபடத்தில் தெரியாத நிலம்: யாழ்ப்பாணத்துக் கிணறு

மலைநாட்டில் வசிக்காத மாணவருக்கும் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவுமில்லை. மாரிகாலத்தில் மட்டும் நீர் ஓடும் வழுக்கியாறு ஒன்றே குறிப்பிடத்தக்கது. குடிநீரும் தோட்டச் செய்கைக்கான நீரும் மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லில் தேங்கும் தரைக்கீழ் நீரில் தங்கியுள்ளன. பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் மழையே இந்நீரை நிரப்புகின்றது.

நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆதலால் அது கடல்நீரின் மேல் ஒரு வில்லை போல மிதக்கின்றது. கோட்பாட்டளவில், கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயரமாக நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம்வரை நன்னீர் இருக்கும். இதனை மறுபுறமாக நோக்குங்கள். அளவுமீறி இறைத்து நீர்மட்டம் 1 மீற்றர் தாழ்ந்தால், அடியிலிருந்து உவர்நீர் ஏறத்தாழ 40 மீற்றர் மேலெழ இடமுண்டு. இயந்திரம் பூட்டி இரவுபகலாக இறைத்தால் கிணறு ஏன் உவராகின்றது என்பது இப்போது விளங்கும். அத்துடன், சுண்ணாம்புக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் இருப்பதால் மேலே கொட்டப்படும் எதுவும் விரைவாகக் கீழே சென்றுவிடும். தோட்டங்களுக்கு இடும் பசளையின் நைத்திரேற்றும், மலசலகூடக் குழிகளின் கழிவும் கிணறுகளை அடைவது இவ்வாறே. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை பெரும் பிரச்சினையாக எழுந்தபோது, எந்தக் கிணறு பாதிக்கப்பட்டது, நீர் எத்திசையில் நகர்கின்றது, அடுத்து எந்தக் கிராமம் என்ற வினாக்களே முதன்மை பெற்றன. இவை யாவும் புவியியல் வினாக்களே.

4. எங்கு கற்கலாம்?

இலங்கையில் பல்கலைக்கழக மட்டத்தில் புவியியல் கற்பித்தல் நீண்ட வரலாறு உடையது. 1942 இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிய காலத்திலிருந்தே இத்துறை இடம்பெற்று வருகின்றது. இன்று பேராதனை, கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, றுகுணு, யாழ்ப்பாணம், கிழக்கு, தென்கிழக்கு முதலிய பல்கலைக்கழகங்களில் புவியியல் கற்கலாம்.

தமிழ்மொழி மூல மாணவர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியவை:

• யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் – 1974 இல் வளாகமாகத் தொடங்கி 1979 இல் தனிப் பல்கலைக்கழகமானது.
• கிழக்குப் பல்கலைக்கழகம், வந்தாறுமூலை – 1981 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் பல்கலைக்கழகமானது.
• தென்கிழக்குப் பல்கலைக்கழகம், ஒலுவில் – 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996 இல் பல்கலைக்கழகமானது.
• பேராதனைப் பல்கலைக்கழகம் – மலையக, கிழக்கு மாகாண மாணவர் பலர் நீண்டகாலமாகத் தெரிவு செய்துவரும் இடம்.

அனுமதி இசற் புள்ளியின் அடிப்படையில் நடைபெறும். மூன்று பாடங்களிலும் சித்தியடைந்திருப்பதுடன், பொதுச் சாதாரணப் பரீட்சையில் ஆகக் குறைந்தது 30 புள்ளிகளும் பெற்றிருத்தல் வேண்டும். பொதுப் பரீட்சை தானே என்று அதனை அலட்சியம் செய்து நல்ல பெறுபேற்றை வீணாக்கிக் கொள்ளாதீர்கள். கற்பிக்கும் மொழி, பாடச் சேர்க்கை, வெட்டுப்புள்ளி ஆகியன ஆண்டுக்காண்டு மாறக்கூடும். விண்ணப்பிக்கும் ஆண்டுக்குரிய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை நீங்களே முழுமையாக வாசியுங்கள். நண்பர் சொன்னார், தனியார் வகுப்பில் சொன்னார்கள் என்று படிவத்தை நிரப்ப வேண்டாம்.

5. பட்டப்படிப்பின் அமைப்பு

முதலாம் ஆண்டில் பொதுவாக மூன்று அல்லது நான்கு பாடங்களைக் கற்பீர்கள். அவற்றில் ஒன்றாகப் புவியியல் அமையும். முதலாம் ஆண்டுப் பெறுபேற்றின் அடிப்படையிலேயே சிறப்புக் கற்கைக்கு மாணவர் தெரிவு செய்யப்படுவர். ஆகவே "முதலாம் வருடம் ஓய்வு வருடம்" என்ற எண்ணத்துடன் செல்பவர், விரும்பிய பாதையை அங்கேயே இழந்துவிடுகின்றார்.

பொதுப் பட்டம் மூன்று ஆண்டுகள். சிறப்புப் பட்டம் நான்கு ஆண்டுகள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் சிறப்புப் பட்டம் கௌரவப் பட்டம் என 6 ஆம் மட்டத்திலும், மூன்றாண்டுப் பட்டம் 5 ஆம் மட்டத்திலும் வைக்கப்பட்டுள்ளன. பொதுவாகக் கற்பிக்கப்படும் பாட அலகுகள்:

• புவிவெளியுருவவியல், காலநிலையியல், நீரியல், மண்ணியல், உயிர்ப்புவியியல்
• குடித்தொகைப் புவியியல், நகரப் புவியியல், விவசாயப் புவியியல், பொருளாதாரப் புவியியல், அபிவிருத்திக் கற்கை
• படவரைகலையியலும் படஎறியங்களும்
• புள்ளிவிபரவியல் முறைகள்
• தொலையுணர்வு, புவியியல் தகவல் முறைமை
• சுற்றாடல் முகாமைத்துவம், அனர்த்த முகாமைத்துவம்
• வெளிக்கள ஆய்வு, ஆய்வேடு

இவற்றுள் இரண்டைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறுதல் பொருத்தமானது.

அ) புவியியல் தகவல் முறைமை: ஒரு பிரதேசத்தின் வீதி, ஆறு, சாய்வு, மண், குடித்தொகை, பாடசாலை ஆகிய ஒவ்வொன்றையும் கணினியில் தனித்தனிப் படைகளாகச் சேமித்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பகுப்பாய்வு செய்யும் முறை இதுவாகும். உதாரணமாக, ஒரு பிரதேச செயலகப் பிரிவில் புதிய ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றை எங்கே அமைக்கலாம் என்று கேட்டால், வெள்ளத்தில் மூழ்கும் நிலத்தை ஒரு படையாகவும், தற்போதுள்ள நிலையங்களைச் சுற்றி 3 கிலோமீற்றர் வட்டத்தை இன்னொரு படையாகவும், கிராம அலுவலர் பிரிவுவாரியான முதியோர், சிறுவர் தொகையை மூன்றாவது படையாகவும் வைத்து, எஞ்சும் இடங்களைக் கணினி காட்டும். எதை எதனுடன் வைத்துப் பார்ப்பது என்று தீர்மானிப்பது புவியியலாளரின் வேலை. கியூஜிஐஎஸ் போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதுமானது. 1972 முதல் எடுக்கப்பட்டுவரும் லான்ட்சற் செய்மதிப் படங்களும் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. உங்கள் ஊர்க் குளம் கடந்த பல ஆண்டுகளில் எவ்வளவு சுருங்கியுள்ளது என்பதை நீங்களே அளக்கலாம்.

ஆ) வெளிக்கள ஆய்வும் ஆய்வேடும்: சிறப்புக் கற்கை மாணவர் தாமே ஒரு பிரச்சினையைத் தெரிவு செய்து, களத்துக்குச் சென்று, வினாக்கொத்து மூலமும் அளவீடு மூலமும் தரவு திரட்டி ஆய்வேடு எழுத வேண்டும். தொழிலுக்கான நேர்முகப் பரீட்சையில் நீங்கள் காட்டக்கூடிய பெறுமதிமிக்க ஆவணம் இதுவே. தொலைவான தலைப்பை விட, உங்கள் கிராமத்தின் குடிநீர், கடலரிப்பு, குப்பை அகற்றல், மீள்குடியேற்றம் போன்ற தலைப்புக்கள் சிறந்தவை. அத்தரவை வேறெவரும் திரட்டியிருக்க மாட்டார்கள்.

6. தொழில்வாய்ப்புக்கள்

(க) கல்வித்துறை

ஆசிரியத் தொழில் புவியியல் பட்டதாரிகளின் முதன்மையான வாய்ப்பாக இன்றும் உள்ளது. பட்டத்தின்பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை முடித்தால் பதவி உயர்வுக்கு உதவும். இலங்கை அதிபர் சேவை, இலங்கைக் கல்வி நிர்வாக சேவை ஆகியவற்றுக்கும் இது வழியாகும். சிறந்த வகுப்புச் சித்தி பெறுபவர் பல்கலைக்கழக விரிவுரையாளராகலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக விளங்கிய பேராசிரியர் பொ. பாலசுந்தரம்பிள்ளை புவியியற்றுறையைச் சேர்ந்தவர்.

(ங) நிர்வாகமும் திட்டமிடலும்

இலங்கை நிர்வாக சேவை, இலங்கைத் திட்டமிடல் சேவை ஆகியவற்றுக்கான போட்டிப் பரீட்சைகளுக்கு எத்துறைப் பட்டதாரியும் தோற்றலாம். ஆயினும், ஒரு பிரதேச செயலாளர் நாளாந்தம் எதிர்கொள்ளும் காணி, வெள்ளம், குடிநீர், வரட்சி நிவாரணம், குடியேற்றம் ஆகிய விடயங்கள் யாவும் புவியியல் மாணவருக்குப் பழக்கமானவை. செங்கை ஆழியான் என்ற பெயரில் நாவல்கள் எழுதிய க. குணராசா பேராதனையில் புவியியல் சிறப்புப் பட்டம் பெற்றவர். நிர்வாக சேவை அதிகாரியாகவும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பதிவாளராகவும், யாழ். மாநகர ஆணையாளராகவும் பணியாற்றினார். உயர்தர மாணவருக்கான புவியியல் நூல்களையும் எழுதினார். 2016 இல் காலமானார். அவரது நாவல் ஒன்றின் பெயரே 'வாடைக்காற்று' என்பதைக் கவனியுங்கள். பருவக்காற்றும் மீனவர் வாழ்வும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதை அறிந்தவர் அவர்.

(ச) அனர்த்த முகாமைத்துவம்

2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட ஆழிப்பேரலையில் இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். சுமாத்திராவுக்கு அப்பால் ஏற்பட்ட நிலநடுக்கத்துக்கும் கிழக்குக் கரையை அலை வந்தடைந்ததற்கும் இடையே மணித்தியாலக் கணக்கில் நேரம் இருந்தும், எச்சரிக்கும் ஒழுங்கு எம்மிடம் இருக்கவில்லை. அதன்பின் 2005 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டம் நிறைவேற்றப்பட்டு அனர்த்த முகாமைத்துவ நிலையம் உருவாக்கப்பட்டது. மாவட்ட மட்ட அலகுகளிலும், சர்வதேச, உள்ளூர்த் தொண்டு நிறுவனங்களிலும் புவியியல் பட்டதாரிகள் பணியாற்றும் துறை இது.

(ஞ) சுற்றாடல், நிலப்பயன்பாடு, நகரத் திட்டமிடல்

மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கரையோரம் பேணல் திணைக்களம், காணிப் பயன்பாட்டுக் கொள்கைத் திட்டமிடல் திணைக்களம், நகர அபிவிருத்தி அதிகாரசபை, மகாவலி அதிகாரசபை ஆகியன கவனிக்கத்தக்கவை. பதவி வெற்றிட அறிவித்தல்களில் எந்தப் பட்டம் கோரப்பட்டுள்ளது என்பதை வர்த்தமானியில் பார்த்துப் பழகுங்கள்.

(ட) தரவும் வரைபடமும்

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் குடித்தொகை மதிப்பை நடத்துகின்றது. 1871 இல் தொடங்கிய இம்மதிப்பு, யுத்தச் சூழல் காரணமாக 2001 இல் 18 மாவட்டங்களில் மட்டுமே முழுமையாக நடைபெற்றது. அதனால் வடக்கு, கிழக்கின் பல பகுதிகளுக்கு 1981க்கும் 2012க்கும் இடையில் முழுமையான எண்ணிக்கையே இல்லை. எண்ணப்படாத மக்களுக்குத் திட்டமிடுவது எவ்வளவு கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். அண்மைய மதிப்பு 2024 இல் நடைபெற்றது. நாட்டின் குடித்தொகை ஏறத்தாழ 2 கோடி 17 இலட்சமாகும். யுத்தத்தின் பின்னர் கண்ணிவெடி அகற்றிய நிறுவனங்களும், எந்தக் காணி துப்புரவு செய்யப்பட்டது, எது இன்னும் ஆபத்தானது என்பதைப் புவியியல் தகவல் முறைமையிலேயே பதிவு செய்தன. மக்கள் தம் வளவுக்குத் திரும்பும் நாளை அந்த வரைபடங்கள் தீர்மானித்தன. தொலைத்தொடர்பு, பொருள் விநியோகம், காப்புறுதி ஆகிய தனியார் துறைகளிலும் இத்திறனுக்குத் தேவை உண்டு.

7. தெளிவாக அறிந்திருக்க வேண்டியவை

சில பதவிகள் புவியியலுடன் தொடர்புடையனவாகத் தோன்றினும், கலைப்பிரிவுப் புவியியல் பட்டம் அவற்றுக்குப் போதாது. இதனை முன்கூட்டியே அறிந்திருத்தல் ஏமாற்றத்தைத் தவிர்க்கும்.

• நில அளவையாளர் – கணிதப் பிரிவு மாணவருக்குரிய நில அளவை விஞ்ஞானக் கற்கைநெறி தேவை.
• வானிலையியலாளர் – பௌதிகவியல், கணிதம் சார்ந்த விஞ்ஞானப் பட்டம் தேவை.
• புவிச்சரிதவியலாளர் – புவிச்சரிதவியலில் விஞ்ஞானப் பட்டம் தேவை.
• நகரத் திட்டமிடலாளர் – மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் நகர, கிராமத் திட்டமிடல் கற்கைநெறி இதற்குரியது. புவியியலை ஒரு பாடமாகக் கற்றவரும் குறித்த நிபந்தனைகளுக்கு அமைய இதற்கு விண்ணப்பிக்கலாம். நிபந்தனைகளைக் கைந்நூலில் பார்க்கவும்.

அடுத்து, அரச நியமனத்தை மட்டுமே நம்பியிருத்தல் பொருத்தமற்றது. 2020 இல் பெருந்தொகையான பட்டதாரிகள் பயிலுநர்களாக அரச சேவையில் சேர்க்கப்பட்டனர். ஆனால் 2022 பொருளாதார நெருக்கடியின்பின் அரச ஆட்சேர்ப்பு கட்டுப்படுத்தப்பட்டது. அரசின் நிதிநிலையைப் பொறுத்து இவ்வாசல் திறக்கும், மூடும். உங்கள் கையில் ஒரு திறன் இருந்தால் வாசல் மூடியிருக்கும் காலத்திலும் வாழலாம். ஒரே சான்றிதழுடன் வெளியேறும் இரு பட்டதாரிகளில், வரைபடம் ஒன்றைத் தானே தயாரித்து, அதனை ஆங்கிலத்தில் ஒரு பக்கத்தில் விளக்கக்கூடியவரையே நிறுவனங்கள் தெரிவு செய்யும்.

8. இப்போதிருந்தே செய்யக்கூடியவை

• உங்கள் பிரதேசத்துக்குரிய 1:50,000 இடவிளக்கப்படத்தைப் பாடசாலையில் கேட்டுப் பாருங்கள். வீடு, குளம், பாடசாலை ஆகியவற்றின் ஆள்கூறுகளை வாசியுங்கள்.
• ஒரு போத்தலும் அளவுகோலும் கொண்டு மழைமானி ஒன்றைச் செய்து, ஒரு மாரிகாலம் முழுவதும் நாளாந்த மழையைப் பதிவு செய்யுங்கள்.
• ஆங்கிலத்தில் நாளுக்கு ஒரு பந்தி வாசியுங்கள். பல்கலைக்கழக நூலகத்தில் புவியியல் நூல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன.
• சிங்களத்தில் உரையாடப் பழகுங்கள். அரச சேவையில் இருமொழித் தேர்ச்சி அவசியம்.
• கணிதத்தைக் கைவிட்டுவிட வேண்டாம். சராசரி, நியம விலகல், இணைவுக் குணகம் ஆகியன பல்கலைக்கழகத்திலும் தொடரும்.
• பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை கிடைக்கும் மாதங்களில் கணினி அடிப்படையையும் கியூஜிஐஎஸ் மென்பொருளையும் பழகிக்கொள்ளுங்கள்.

9. பயிற்சி வினாக்கள்

(1) 1:50,000 படமொன்றில் இரு இடங்களுக்கிடையிலான தூரம் 3 சென்ரிமீற்றர். உயர வேறுபாடு 150 மீற்றர். சாய்வுவிகிதத்தைக் காண்க.
விடை: நிலத்தூரம் 3 x 500 = 1,500 மீற்றர். சாய்வுவிகிதம் 150/1,500 = 1:10.

(2) யாழ்ப்பாணக் குடாநாட்டின் தரைக்கீழ் நீர் எதிர்நோக்கும் மூன்று பிரச்சினைகளைக் குறிப்பிட்டு, ஒன்றை விளக்குக.
விடைக்குறிப்பு: மிகை இறைப்பினால் உவர்நீர் உட்புகுதல், பசளை, மலசலகூடக் கழிவினால் நைத்திரேற்று அதிகரித்தல், எண்ணெய் போன்ற மாசுகள் கலத்தல். விளக்கத்தில் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளையும் நன்னீர் வில்லையையும் தவறாது குறிப்பிடவும்.

(3) "அனர்த்தம் என்பது இயற்கை நிகழ்வு மட்டுமன்று." இலங்கையின் உதாரணங்களுடன் ஆராய்க.
விடை அமைப்பு: இடர், பாதிப்புறும் நிலை ஆகியவற்றை முதலில் வரையறுக்கவும். மழை, சாய்வு, மண் ஆகிய பௌதிகக் காரணிகளை ஒரு பந்தியிலும், குடியிருப்பின் அமைவிடம், வறுமை, காணியுரிமை, எச்சரிக்கை ஒழுங்கு ஆகிய மானிடக் காரணிகளை அடுத்த பந்தியிலும் எழுதவும். மீரியாபெத்தை (2014), ஆழிப்பேரலை (2004) ஆகியவற்றை ஆண்டுடன் குறிப்பிடவும். குறைக்கும் வழிமுறைகளுடன் முடிக்கவும். பொருத்தமான இலங்கைப் பரும்படிப் படம் ஒன்றை வரைந்தால் விடை வலுப்பெறும்.

(4) ஒரு பிரதேச செயலகப் பிரிவில் வெள்ளப் பாதுகாப்பு நிலையம் அமைக்கப் பொருத்தமான இடத்தைத் தெரிவு செய்யப் புவியியல் தகவல் முறைமையில் நீங்கள் பயன்படுத்தும் நான்கு படைகளைக் கூறி, ஒவ்வொன்றும் ஏன் தேவை என விளக்குக.
விடைக்குறிப்பு: தரையுயர்வு, முன்னைய வெள்ளப் பரப்பு, வீதி, குடித்தொகைப் பரம்பல்.

மாணவர்களே, "புவியியல் படித்து என்ன செய்யப் போகிறாய்?" என்று இனி எவரேனும் கேட்டால் தடுமாற வேண்டியதில்லை. எமது கிணறுகளில் நீர் ஏன் உவராகின்றது, எமது மலைகளில் எந்த வீடு ஆபத்தில் உள்ளது, எமது கிராமத்தில் எத்தனை பேர் வாழ்கின்றனர் என்பவற்றை ஆராய்ந்து கூறும் வேலையைச் செய்யப் போகிறேன் என்று கூறுங்கள். அவ்வேலைக்குத் தமிழ்மொழி பேசும் மக்கள் நடுவே சென்று அவர்களது மொழியிலேயே கேட்டு அறியக்கூடியவர்கள் தேவைப்படுகின்றனர். முதற்படி, வரவிருக்கும் பரீட்சையில் சிறந்த பெறுபேற்றைப் பெறுவதாகும். இன்றே இடவிளக்கப்படத்தை விரித்து முதலாவது பயிற்சி வினாவைச் செய்து பாருங்கள்.